நகையும் நங்கையரும்

மெய்ப்பாடுகள் எட்டு என வகுத்த தொல்காப்பியனார் நகையை அவற்றுள் முதலாவதாக வைத்தார். அந்நகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கு என்றும் அவர் குறித்தார். பிறரை இகழும் எள்ளல் ஒன்று, இளமை ஒன்று, அறியாமை ஒன்று, மடமை ஒன்று. எள்ளலுக்கு விளக்கம் கூறப் புகுந்த உரைகாரர், தான் பிறரை எள்ளி நகுதல், பிறர் தன்னை எள்ளியபோது தான் நகுதல் என அதனை இரண்டாகப் பகுத்துக் காட்டினர். இவ்விரண்டாவது நகையைப் பற்றி நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை. தம்மை இகழ்பவர் முன்னே ஒருவர் தாமும் சேர்ந்து சிரிப்பது எப்போது? பெரும்பாலும், இகழ்பவர் கையில் தம் பிழைப்பு இருக்கும்போதுதான்.

அச்சமும் மடமும் நாணமும் பெண்ணுக்கு அணி என்றனர் நம் முன்னோர். மடமை நகைக்கும் நிலைக்களன் என்பதும் அவர்கள் கண்டதே. பெண்ணுக்கு அணியாகிய மடம் வேறு, நகைக்குரிய மடமை வேறு என்று புலவர் பொருள் பிரித்துரைப்பர். எனினும் மேடையிலும் திரையிலும் அவ்வேறுபாடு மறைந்து போயிற்று. எதனை அணியாகப் பூணுமாறு பெண்ணுக்கு விதித்தனரோ, அதனையே காட்டி அவளைப் பார்த்துச் சிரிக்கவும் செய்தனர். அச்சிரிப்பு எவ்வாறு திசை திரும்பிற்று, பணிக்குச் செல்லும் பெண்களின் துயரை ஒரு நகைச்சுவைப் படம் எவ்வாறு முன்னின்று பேசிற்று, அதன்பின் விளைந்தவை யாவை என்பனவற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரு மொழிக்கும் ஒரு கூரை

சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம்மனோர்க்குத் திரைப்படம் என்பது தொடக்கமுதலே இருமொழிக் கலை. ஒரு தெருவில் தமிழ்ப்படமும் அடுத்த தெருவில் தெலுங்குப் படமும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அவ்விரண்டும் சென்னைப் படப்பிடிப்பு நிலையங்களில் ஒரே கூரையின்கீழ் உருவானவை. இவ்வூரின் பெயரையே தம் பெயராகக் கொண்ட சித்தூர் வி. நாகையா, 1945-இல் வெளிவந்த தமிழ் ‘மீரா’வில் எம். எஸ். சுப்புலட்சுமியுடன் நடித்தார், 1946-இல் தெலுங்கில் ‘தியாகையா’வை அளித்தார். ஆகவே, தமிழ்த்திரையின் நகைச்சுவை வரலாறு கூறும்போது தெலுங்குத் திரையையும் உடன் கூறாமல் இயலாது.

திரைக்கு முன் நாடகமேடை இருந்தது. அம்மேடையில் பெண்வேடத்தையும் பெரும்பாலும் ஆடவரே பூண்டனர். பெண்ணைப் பற்றிய கேலியை ஆடவர் எழுதினர்; பெண்வேடமிட்ட ஆடவர் அதனை நடித்தனர்; கொட்டகையில் முன்வரிசையிலிருந்த ஆடவர் சிரித்தனர். பேசும்படம் வந்தபின் பெண்கள் திரைக்கு வந்தனர். 1931-இல் ‘காளிதாஸ்’ படத்தின் நாயகியாகத் தோன்றிய டி. பி. ராஜலட்சுமி, 1936-இல் ‘மிஸ் கமலா’வைத் தாமே இயக்கினார். நகைச்சுவையை எழுதும் கை மட்டும் நெடுநாள் மாறவில்லை.

அக்காலத்தில் தனித்து நின்றவர் டி. ஏ. மதுரம். கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனுடன் அவர் நடித்த காட்சிகளில் கேலி ஒருவர் பக்கம் மட்டும் பாய்ந்ததில்லை. கணவர் ஒன்று சொன்னால் மனைவி இரண்டு சொல்லுவார். வெற்றி இருவர்க்கும் மாறி மாறி வரும். லட்சுமிகாந்தன் கொலைவழக்கில் 1944-இன் இறுதியில் கலைவாணர் கைதாகிச் சிறைப்பட்டபோது, மதுரம் அம்மையார் சோர்ந்து விடவில்லை. எஸ். வி. சகஸ்ரநாமத்தின் துணையோடு நாடகக் குழு நின்றுவிடாமல் காத்தார். வழக்கை இலண்டன் பிரிவி கவுன்சில் வரை கொண்டுசென்றார். 1947-இல் கலைவாணர் விடுதலையானார். திரையில் நகைத்துணையாக நின்ற பெண், வாழ்வில் ஒரு கலைக்குழுவின் நிருவாகியாக விளங்கினார் என்பதனை நம் இளைஞர் அறிதல் வேண்டும்.

பின்வந்த நகைச்சுவை நடிகையர்க்கு இத்தகைய சமநிலை எளிதில் வாய்க்கவில்லை. டி. பி. முத்துலட்சுமி, 1963-இல் வந்த ‘அறிவாளி’யில், சமையல் சொல்லிக்கொடுக்கும் தங்கவேலுவுக்கு எதிரே யாவும் அறிந்தவர்போல் நடித்து அவரைத் திணறடித்த காட்சியை இன்றும் மக்கள் மறக்கவில்லை. அவர் நடிப்பின் நயத்தில் ஐயமில்லை. ஆயினும் அச்சிரிப்பின் வேர், மனைவி அறியாதவள் என்பதே. மனோரமா ஆயிரத்துக்கும் மேற்பட்ட படங்களில் நடித்து உலகச் சாதனை புரிந்தார். 1968-இன் ‘தில்லானா மோகனாம்பாள்’ படத்தில் அவரேற்ற ஜில்ஜில் ரமாமணி வேடம், நகைக்க வைத்துக்கொண்டே நாடகக்காரியின் ஏழ்மையையும் ஏக்கத்தையும் காட்டிற்று. இரு மொழியிலும் நகைச்சுவை வேடங்களில் புகழ்பெற்ற ரமாபிரபாவும் இம்மரபினரே. இவர்கள் எல்லாரும் பெருங்கலைஞர்கள். ஆனால் அவர்கள் வாயிலிருந்து வந்த சொற்களை எழுதியவர் ஏறக்குறைய எப்போதும் ஆடவரே.

வேலைக்காக மனைவியானவள்

பணிக்குச் செல்லும் பெண்ணை நடுநாயகமாக வைத்த நகைச்சுவைப் படங்களுள் முதன்மையானது, 1955 பொங்கலையொட்டி வெளிவந்த ‘மிஸ்ஸியம்மா’. விஜயா நிறுவனத்தார் இதனைத் தெலுங்கில் ‘மிஸ்ஸம்மா’ என்றும் தமிழில் ‘மிஸ்ஸியம்மா’ என்றும் ஒருங்கே தயாரித்தனர். இயக்கியவர் எல். வி. பிரசாத். கதை நாம் அறிந்ததே. கிராமத்து ஜமீன்தார் ஒருவர், தம் பள்ளிக்குப் பட்டம் பெற்ற கணவனும் மனைவியுமாக இருவர் ஆசிரியராக வேண்டும் என்று விளம்பரம் செய்கிறார். பட்டம் பெற்ற மேரிக்குக் குடும்பக் கடனைத் தீர்க்க வேலை தேவை. மணமாகாத அவள், முன்பின் அறியாத ஒருவருக்கு மனைவி என்று பொய் சொல்லி அவ்வேலையில் அமர்கிறாள். பொய்யைக் காப்பாற்ற அவர்கள் படும் பாடே நகைச்சுவை.

மேலெழுந்தவாரியாகப் பார்த்தால் இஃது இனிய காதற்கதை. சற்று உள்ளே நோக்கினால், பெண்ணின் பட்டத்துக்கு வேலை இல்லை, ஒருவன் மனைவி என்னும் தகுதிக்கே வேலை என்னும் கசப்பு அதனுள் இருக்கிறது. கடன் கொடுத்தவன் அவளையே மணமுடிக்கத் துடிப்பதும் அக்கசப்பின் மற்றொரு பக்கம். நாம் எழுபது ஆண்டுகளாக அப்படத்தைக் கண்டு சிரித்து வருகிறோம். அக்கசப்பை எண்ணிப் பார்த்தவர் சிலரே.

அப்படம் உருவான இடமும் ஒரு பணியிடமே. தெலுங்குப் படத்தில் முதலில் நாயகியாக ஒப்பந்தமானவர் பி. பானுமதி. படப்பிடிப்புக்கு அவர் காலந்தாழ்த்து வந்தது குறித்துத் தயாரிப்பாளரோடு பிணக்கு நேர்ந்து, அவர் விலகும்படி ஆயிற்று. இரண்டாம் நாயகியாக இருந்த சாவித்திரி முதல் நாயகியானார். அவ்வொரு மாற்றம் சாவித்திரியை உச்சிக்கு உயர்த்திற்று. பானுமதியோ, 1953-இலேயே ‘சண்டிராணி’யை மூன்று மொழிகளில் இயக்கித் தமக்கென ஓர் இடம் அமைத்துக் கொண்டவர். சொந்தப் படப்பிடிப்பு நிலையம் உடையவராதலால் எவர்முன்னும் தலைதாழ்த்தும் தேவை அவர்க்கு இருக்கவில்லை. தெலுங்கில் அவர் எழுதிய ‘அத்தகாரி கதலு’ என்னும் மாமியார்க் கதைகள் நகைச்சுவை இலக்கியமாகப் போற்றப்படுகின்றன. அங்கே நகையை எழுதிய கை பெண்ணின் கையாயிற்று. சாவித்திரியும் 1968-இல் ‘சின்னாரி பாபலு’ என்னும் தெலுங்குப் படத்தை இயக்கினார். இசை பி. லீலா, முக்கியப் பொறுப்புகள் பலவற்றில் பெண்களே இருந்தனர். பெண்கள் கூடி ஒரு படத்தை உருவாக்கலாம் என்னும் எண்ணம் நம் நாட்டில் அன்றே முளைத்தது.

பாஸ்டன் நகரத்து எழுத்தர்கள்

ஈண்டுச் சிறிது கடல் கடந்து செல்வோம். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்து அலுவலகங்களில் எழுத்துப்பணி செய்த பெண்கள் சிலர் 1973-இல் ஒரு சங்கம் அமைத்தனர். பணிநேரத்தைக் குறிக்கும் ‘ஒன்பது முதல் ஐந்து வரை’ என்பதே அதன் பெயராயிற்று. குறைந்த ஊதியம், மறுக்கப்பட்ட பதவி உயர்வு, மேலதிகாரிக்குக் காப்பி கலந்து கொடுக்கும் கடமை ஆகியவை அவர்களின் குறைகள். நடிகை ஜேன் ஃபாண்டா அச்சங்கத்தை அறிந்தவர். சங்கத்துப் பெண்களைச் சந்தித்து அவர்தம் அனுபவங்களைக் கேட்டபின்னரே 1980-இல் அதே பெயரில் ஒரு திரைப்படம் உருவாயிற்று. இயக்கியவர் காலின் ஹிக்கின்ஸ். ஃபாண்டாவுடன் லில்லி டாம்லின், டாலி பார்ட்டன் ஆகியோர் நடித்தனர். கொடிய மேலதிகாரியை மூன்று பெண்கள் சிறைவைத்துத் தாமே அலுவலகத்தை நடத்துகின்றனர். சம ஊதியமும் குழந்தைக் காப்பகமும் அங்கே வருகின்றன. தொடக்கத்தில் அழுகைப் படமாக எண்ணப்பட்டது, மக்கள் மனத்தில் எளிதிற் புகும்பொருட்டு நகைச்சுவையாக மாற்றப்பட்டது என்பர். பணியிடத்துப் பாலியல் தொல்லை சட்டத்துக்கு மாறான பாகுபாடே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1986-இல்தான். சிரிப்பு முன்னே செல்ல, நீதி ஆறாண்டு பின்னே வந்தது.

‘மகளிர் மட்டும்’

அப்படத்தைத் தழுவி 1994-இல் தமிழில் வெளிவந்ததே ‘மகளிர் மட்டும்’. தயாரித்தவர் கமல்ஹாசன். இயக்கியவர் சிங்கீதம் சீனிவாசராவ். நெல்லூர் மாவட்டத்திற் பிறந்த இவர், 1957-இன் ‘மாயாபஜார்’ படத்தில் கே. வி. ரெட்டியிடம் உதவியாளராகப் பணியாற்றியவர். சசிரேகை உருவெடுத்த கடோத்கசனாகச் சாவித்திரி ஆண்மிடுக்கோடு நடந்துகாட்டிய அப்படத்திலிருந்து இவர் வந்தார் என்பது நினைக்கத்தக்கது. உரையாடல் கிரேசி மோகன், இசை இளையராஜா. தெலுங்கிலும் இப்படம் ‘ஆடவாள்ளகு மாத்ரமே’ என்னும் பெயரில் மொழிமாற்றம் பெற்றது. இரு மொழியிலும் கண்டு களித்த குடும்பங்கள் நம் பகுதியில் உண்டு.

கதை ஆடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் நிகழ்கிறது. மேலாளர் பாண்டியனாக நாசர். அவர் கையில் இடர்ப்படும் பெண்கள் மூவர். சத்யா (ரேவதி) படித்த துணிவுள்ள பெண். ஜானகி (ஊர்வசி) ஆசாரமான குடும்பத்திலிருந்து பணிக்கு வரும் மனைவி. பாப்பம்மா (ரோகிணி) குடிசைப் பகுதியிலிருந்து வந்து அலுவலகத்தைக் கூட்டித் துடைப்பவள். கிரேசி மோகன் தம் நாயகியர்க்குத் தம் பள்ளி ஆசிரியையின் நினைவாக ஜானகி என்றே பெயரிடுவார். அப்பெயரே இங்கும் வந்தது. மேலாளரைத் தாம் நஞ்சிட்டுக் கொன்றுவிட்டதாக அஞ்சி, மருத்துவமனையிலிருந்து வேறொருவர் பிணத்தை மூவரும் கடத்திவரும் காட்சிகள் அரங்கை அதிரவைத்தன. அப்பிணமாக நடித்தவர் நாகேஷ். ஒரு சொல்லும் பேசாமல், விழியும் அசையாமல் அவர் சிரிக்கவைத்தார்.

மூலப்படத்தினின்று இதனை வேறுபடுத்துவது ஒன்று உண்டு. அமெரிக்கப் படத்தின் மூவரும் ஏறத்தாழ ஒரே படியில் நின்ற மேசைப் பணியாளர். தமிழ்ப்படத்தின் மூவரோ ஒரே படியினர் அல்லர். சாதி வேறு, கல்வி வேறு, பேச்சு வேறு, ஊதியம் வேறு. நம் நாட்டு அலுவலகத்தில் ஜானகியும் பாப்பம்மாவும் ஒரே பாத்திரத்தில் காப்பி அருந்துவது, மேலாளரைக் கட்டிவைப்பதைக் காட்டிலும் அரிய செயல். தொல்லை என்னும் ஒன்றே அவர்களை ஒன்றாக்குகிறது. மேலாளரின் கை மூவர்மீதும் வேறுபாடின்றி நீள்கிறது என்று உணர்ந்த நொடியில்தான் அவர்களிடையே இருந்த சுவர் இடிகிறது. பிறர் தம்மை எள்ளியபோது தாமும் சிரித்துவந்த பெண்கள், எள்ளியவனையே எள்ளி நகத் தொடங்கினர். உரைகாரர் கூறிய இரண்டாம் நகை முதல் நகையாக மாறிற்று.

தலைப்பின் நயத்தையும் கூறவேண்டும். ‘மகளிர் மட்டும்’ என்பது பேருந்து இருக்கையிலும் இரயில் பெட்டியிலும் எழுதப்பட்டிருக்கும் அறிவிப்பு. பெண்களை ஒதுக்கி வைத்துப் பாதுகாக்கும் பலகை அது. அதே சொற்கள் இங்கே பெண்கள் கூடிநிற்கும் கூட்டத்தின் பெயராயின.

குறையும் கூறல் நேர்மை. இறுதியில் நியாயம் வழங்க நிறுவனத்தின் தலைவர் மேலிருந்து வருகிறார். அவ்வேடத்தில் கமல்ஹாசனே தோன்றுகிறார். பெண்கள் நன்றாக நடத்திக்காட்டியதனால் நல்ல முதலாளி மகிழ்கிறார். நல்ல முதலாளி வாராத அலுவலகத்தில் என் செய்வது? அதற்குப் படத்தில் விடை இல்லை.

ஒரு நினைவு

1994-இல் யான் இம்மாவட்டத்து அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்தேன். எங்களிடம் தட்டெழுத்தராக ஓர் அம்மையார் பணிபுரிந்தார். கடிதத்தில் ஓரெழுத்து பிழைபட்டாலும் எங்கள் அதிகாரி, “வீட்டிலும் சாம்பாருக்கு உப்புப் போட இப்படித்தான் மறந்துவிடுவீர்களோ?” என்பார். அறை முழுவதும் சிரிக்கும். அவ்வம்மையாரும் சிரிப்பார். பின்னர்க் கேலி வேறு வகையாயிற்று. மாலை ஐந்தரைக்குமேல் அவர்க்கு மட்டும் அவசர வேலைகள் வந்தன. எங்கட்குத் தெரியும்; நாங்கள் கோப்புகளைக் கட்டிவைத்து வீடு சென்றோம். சில மாதங்களில் அவர் தாமே கேட்டுத் தொலைவிலுள்ள ஊருக்கு மாற்றல் பெற்றுக்கொண்டார். பிரிவுபசாரத் தேநீர் விருந்தில் அவர் பொறுமையைப் புகழ்ந்து பேசியவருள் யானும் ஒருவன்.

அதன்பின் சில வாரங்களில் என் மனைவியுடன் ‘மகளிர் மட்டும்’ பார்த்தேன். இடைவேளையில் அவள், “உங்கள் அலுவலகத்திலும் இப்படி ஒருவர் உண்டு என்று சொன்னீர்களே, அந்த அம்மாள் இப்போது எங்கே இருக்கிறார்?” என்று கேட்டாள். எனக்கு விடை தெரியவில்லை. அதுவரை வயிறு குலுங்கச் சிரித்த எனக்கு, பிற்பாதிப் படத்தில் சிரிப்பு எழவில்லை. எங்கள் அலுவலகத்தில் அப்போது மொத்தம் மூன்று பெண்கள் இருந்தனர் என்பது நினைவுக்கு வந்தது. தட்டெழுத்தர் ஒருவர், இளம் எழுத்தர் ஒருவர், கூட்டித் துடைக்கும் அம்மாள் ஒருவர். மூவரும் ஒருநாளும் ஒருங்கே அமர்ந்து உண்டதை யான் கண்டதில்லை. ஆடவராகிய நாங்கள் பன்னிருவர் இருந்தோம். எங்களில் ஒருவரும் வாய் திறக்கவில்லை.

சட்டம் வந்த வரலாறு

அவ்வம்மையார் புகார் கொடுக்க எண்ணியிருந்தால் எவரிடம் சென்றிருப்பார்? பெண்ணின் மானத்துக்கு ஊறு செய்தல் பற்றிய பழைய குற்றச்சட்டப் பிரிவுகள் இருந்தன. அவற்றின்படி காவல் நிலையம் ஏற வேண்டும். பணியிடத்திலேயே விசாரிக்கும் முறை 1994-இல் இல்லை.

அது வந்தது ஓர் ஏழைப் பெண்ணின் துயரால். இராசஸ்தானத்தில் அரசின் மகளிர் முன்னேற்றத் திட்டத்தில் பணியாற்றிய கிராமப் பணியாளர் ஒருவர், குழந்தை மணம் ஒன்றைத் தடுக்க முயன்றதற்காக 1992-இல் கூட்டுப் பாலியல் கொடுமைக்கு ஆளானார். அவர்க்காக மகளிர் அமைப்புகள் கூடி ‘விசாகா’ என்னும் பெயரில் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. 1997 ஆகஸ்டு 13-ஆம் நாள் தலைமை நீதிபதி ஜே. எஸ். வர்மா தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. ஒவ்வொரு பணியிடத்திலும் பெண் ஒருவர் தலைமையில் புகார்க் குழு அமைக்கவேண்டும் என்னும் நெறிமுறைகள் அன்று பிறந்தன. அமெரிக்காவிற்போலவே இங்கும் சிரிப்பு முன்னே செல்ல, நீதி மூன்றாண்டு பின்னே வந்தது.

பாராளுமன்றச் சட்டம் 2013-இல் இயற்றப்பெற்று, அவ்வாண்டு டிசம்பர் 9-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன் சாரத்தை நம் உறுப்பினர் யாவரும் அறிதல் நன்று. பத்துப் பேரோ அதற்கு மேலோ பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழு அமைத்தல் கட்டாயம். அதன் தலைவர் உயர்நிலைப் பதவியிலுள்ள பெண்ணாக இருத்தல் வேண்டும். உறுப்பினருள் பாதிக்குக் குறையாதவர் பெண்களாக இருத்தல் வேண்டும். வெளியார் ஒருவரும் இடம்பெறல் வேண்டும். நிகழ்ச்சி நடந்த மூன்று மாதத்துக்குள் புகார் அளிக்கலாம். தக்க காரணம் இருப்பின் மேலும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். விசாரணை தொண்ணூறு நாளில் முடியவேண்டும். பத்துப் பேருக்குக் குறைவான இடமாயினும், முதலாளிமீதே புகாராயினும், மாவட்டந்தோறும் அமைக்கப்பெறும் உள்ளூர்க் குழுவை நாடலாம். வீட்டுவேலை செய்யும் பெண்ணும் இதன் பாதுகாப்பில் அடங்குவார். குழு அமைக்காத முதலாளிக்கு ஐம்பதாயிரம் ரூபாய்வரை தண்டம் உண்டு.

கண்ணாடியின் பின்புறம்

உலகத்தார் குறையைக் காட்டும் கண்ணாடி திரைப்படம் என்பர். அக்கண்ணாடியின் பின்புறத்தை நெடுநாள் எவரும் பார்க்கவில்லை. படப்பிடிப்புத் தளமும் ஒரு பணியிடமே என்னும் எண்ணம் மிகவும் காலந்தாழ்ந்து வந்தது.

2017-இல் கேரளத்தில் நடிகை ஒருவர் கடத்தப்பட்டுத் தாக்கப்பட்ட பின்னர், அங்குள்ள கலைஞர்கள் சினிமாப் பெண்கள் கூட்டமைப்பு ஒன்றை நிறுவினர். அவர்தம் வேண்டுகோளால் கேரள அரசு நீதிபதி கே. ஹேமா தலைமையில் மூவர் குழுவை அமைத்தது. அம்மூவருள் ஒருவர் நடிகை சாரதா. ஆந்திரத்துத் தெனாலியிற் பிறந்தவர். 2019-இன் இறுதியில் அளிக்கப்பெற்ற அறிக்கை, 2024 ஆகஸ்டு 19-ஆம் நாளன்றுதான் மக்கள் பார்வைக்கு வந்தது. பெண் கலைஞர்க்கு ஒதுக்கிடமும் கழிப்பறையும்கூட இல்லாத தளங்கள் உண்டென்று அது கூறிற்று. இதற்கிடையே, கூட்டமைப்பினர் தொடுத்த வழக்கில், ஒவ்வொரு படத்தின் தயாரிப்புக் குழுவும் உள்ளகக் குழு அமைக்கவேண்டும் என்று 2022 மார்ச்சில் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இவ்விடத்தில் நம் வரலாறு ஒரு சுற்றுச் சுற்றி வருகிறது. அக்கூட்டமைப்பில் முன்னின்று பேசியவருள் ஒருவர் ரேவதி. 2002-இல் பெண்களையே தொழில்நுட்பக் கலைஞராகக் கொண்டு ‘மித்ர், மை ஃப்ரண்ட்’ என்னும் படத்தை இயக்கியவரும் அவரே. 2024-இல் சென்னையில் நடிகர் சங்கத்தின் உள்ளகக் குழு, பாதிக்கப்பட்டவர் அச்சமின்றிப் புகார் தரலாம் என்று அறிவித்தபோது, அதன் தலைமையில் இருந்தவர் ரோகிணி. சத்யாவும் பாப்பம்மாவும் முப்பதாண்டுக்குப் பின் வேடமின்றி அதே பணியைச் செய்வதைக் கண்டோம். இம்முறை மேலிருந்து வரும் நல்ல முதலாளிக்காக அவர்கள் காத்திருக்கவில்லை.

திண்டுக்கல்லும் நம் மாவட்டமும்

படத்தில் வந்ததுபோன்ற ஆடை ஏற்றுமதித் தொழிலிலும் ஒரு பெருநிகழ்ச்சி நேர்ந்தது. 2021 சனவரியில் திண்டுக்கல் பகுதி ஆடைத் தொழிற்சாலை ஒன்றின் இளம் தலித் பெண் தொழிலாளி, தம் மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். பெண்களே தலைமை ஏற்று நடத்தும் தமிழ்நாடு நெசவு மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் அதன்பின் ஓயவில்லை. ஆசியத் தொழிலாளர் அமைப்புகளோடும் அமெரிக்க அமைப்போடும் கைகோத்து, 2022 ஏப்ரலில் ‘திண்டுக்கல் உடன்படிக்கை’யைக் கண்டது. ஆலை நிருவாகம் மட்டுமன்றி, துணி வாங்கும் பன்னாட்டு நிறுவனமும் அதனோடு தொடர்புடைய உடன்படிக்கையால் கட்டுப்பட்டது. தையல் வரிசையிலிருக்கும் பெண்களே பயிற்சி பெற்று, தொல்லையைக் கண்டு அறிவிக்கும் கண்காணிப்பாளராயினர். படத்தில் விடையின்றி நின்ற வினாவுக்குத் தையற்பொறிமுன் அமர்ந்த பெண்கள் விடை தந்தனர்.

இது நமக்கு அயலூர்ச் செய்தி அன்று. திருப்பதியில் 1983-இல் தோன்றிய ஸ்ரீ பத்மாவதி மகளிர் பல்கலைக்கழகத்தில் நம் பெண்கள் பலர் பட்டம் பெற்றிருக்கின்றனர். சத்தியவேட்டுப் பக்கத்து ஸ்ரீசிட்டித் தொழிற்சாலைகளில் கைப்பேசிகளை ஒன்றிணைக்கும் விரல்களுள் பெரும்பாலானவை பெண்களின் விரல்கள். தமிழ் பேசுவோரும் தெலுங்கு பேசுவோரும் ஒரே பேருந்தில் விடியற்காலையில் செல்கின்றனர். மிஸ்ஸியம்மா பெறாத உரிமையை, அஃதாவது தம் தகுதிக்கே வேலை பெறும் உரிமையை, அவர்கள் பெற்றுவிட்டனர். அவ்வேலையில் மானத்தோடு நிலைபெறும் உரிமையே இனி வேண்டுவது. பேருந்தில் அருகருகே அமரும் அவர்கள் ஒருவர் துயரை ஒருவர் அறிந்திருப்பின் அவ்வுரிமை எளிதாகும்.

நம் சங்கத்தார்க்கு ஒரு விண்ணப்பத்தோடு முடிக்கின்றேன். நம் உறுப்பினர் ஒவ்வொருவரும் தாம் பணிபுரியும் இடத்தில் உள்ளகக் குழுவினர் பெயர்ப்பலகை இருக்கின்றதா என்று நாளையே பார்த்தல் வேண்டும். இல்லையெனில் கேட்டல் வேண்டும். ஆடவரே முதலில் கேட்டல் நலம். மற்றொன்று: ஆண்டுதோறும் நம் விழா மேடையில் நகைச்சுவை நாடகம் நடைபெறுகிறது. மனைவியின் சமையலையும் மாமியாரின் வாயையும் கேலி செய்து பல்லாண்டு சிரித்துவிட்டோம். அவற்றுள் சிலவற்றை எழுதியவன் யான். அடுத்த ஆண்டு நாடகத்தை நம் மகளிரே எழுதட்டும். எழுத்தரும் ஆசிரியையும் தொழிற்சாலைப் பெண்ணும் மேடையைக் கூட்டித் துடைக்கும் அம்மாளும் ஒருங்கமர்ந்து எழுதட்டும். அவர்கள் எவரைப் பார்த்து நகைக்கின்றனர் என்பதனை நாம் முன்வரிசையில் அமர்ந்து கேட்போம். தொலைவூர்க்கு மாற்றல் பெற்றுச் சென்ற அவ்வம்மையார் எங்கேனும் இம்மலரைக் காண நேரின், அன்று வாய் திறவாத பன்னிருவருள் ஒருவன் முப்பதாண்டு தாழ்ந்து கேட்கும் மன்னிப்பாக இதனை ஏற்றருள்வாராக.